பழைய ஜரிகைக்கு விலை உண்டு, உப்பிய பேட்டரிக்கு?

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு எவ்வளவு வயதானாலும் அது குப்பைக்குப் போவதில்லை. மடிப்பில் வெட்டு விழுந்து, கட்ட முடியாமல் போன கல்யாணப் புடவையைக்கூட நிறுத்துப் பார்த்து விலை சொல்ல ஆள் உண்டு. அந்த விலை பட்டுக்கு அல்ல, ஜரிகைக்கு. பட்டு இழையைச் சுற்றிய வெள்ளியும் அதன்மேல் ஏறிய தங்கமுலாமும் உருக்கினால் திரும்பக் கிடைக்கும். ‘பழைய பட்டுப்புடவை வாங்குறோம்’ என்று தெருவில் குரல் கேட்டால் பாட்டிமார் பேரத்துக்குத் தயாராகிவிடுவார்கள். எதில் என்ன உலோகம், அதற்கு என்ன மதிப்பு என்பது இந்த ஊருக்குப் பல தலைமுறைப் பாடம்.

அதே பீரோவில், அந்தப் புடவைகளுக்கு அடியில், வேறு சில பொருட்களும் கிடக்கின்றன. மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. கொரோனா ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் எடுத்த செல்போன். யாரோ பரிசாகக் கொடுத்த பவர் பேங்க். எல்லாவற்றுக்குள்ளும் லித்தியம் அயன் பேட்டரி இருக்கிறது. பேட்டரிக்குள் கோபால்ட், செம்பு, லித்தியம் என்று விலையுள்ள உலோகங்கள் இருக்கின்றன. சிலவற்றில் பின்மூடி விரிந்து, திரை தூக்கிக்கொண்டு, பேட்டரி வயிறு உப்பியிருக்கிறது. அதை நிறுத்து வாங்க எந்தத் தெருவிலும் யாரும் குரல் கொடுப்பதில்லை.

பிள்ளையார்பாளையம் காஞ்சியின் மேற்குப் பக்கம், கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற நெசவாளர் பகுதி. இங்கே பல வீடுகளில் தறிதான் கூடம், கூடம்தான் படுக்கையறை. குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் கைக்கெட்டும் தூரத்தில் செல்போன் இருக்கும். பாட்டு ஓடும், டிசைன் வாட்ஸ்அப்பில் வரும். போன் பெரும்பாலும் சார்ஜரிலேயே கிடக்கும். சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அந்தக் கூடம் எப்படிக் காயும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த வெக்கைக்கும் சார்ஜரிலேயே கிடக்கும் போனுக்கும் உப்பிய பேட்டரிக்கும் நேரடி உறவு உண்டு.

உள்ளே சேரும் வாயு

‘தண்ணி போயிருக்கும்’, ‘டூப்ளிகேட் சார்ஜர்’, ‘ராத்திரி பூரா சார்ஜ் போட்டதால’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வயது.

செல்போன் பேட்டரியின் வெள்ளி நிற உறை அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய மெல்லிய பை. அதற்குள் செம்புத் தகட்டில் பூசிய கிராஃபைட் ஒரு முனை. அலுமினியத் தகட்டில் பூசிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இன்னொரு முனை. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு, தலைமுடியில் கால்பங்கு தடிமன்கூட இருக்காது. இவை எல்லாம் ஒரு திரவத்தில் நனைந்திருக்கும். அந்தத் திரவம் எத்திலீன் கார்பனேட் வகையைச் சேர்ந்த கரைப்பான்களால் ஆனது, எளிதில் தீப்பற்றக்கூடியது. லித்தியம் உப்பு அதில் கரைந்திருக்கிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் பக்கம் போகின்றன, இறங்கும்போது திரும்பி வருகின்றன. நாள் முழுக்க நடப்பது இந்தப் போக்குவரத்துதான்.

புது பேட்டரியில் முதல் முறை சார்ஜ் ஏறும்போதே திரவம் கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட்டின் மேல் ஒரு பாதுகாப்புப் படலமாகப் படிகிறது. அது நல்லது, அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரி நிற்காது. ஆனால் ஆண்டுகள் போகப்போகப் படலம் விரிசல் விடும், மறுபடி படியும், ஒவ்வொரு முறையும் திரவம் கொஞ்சம் செலவாகும். சூடு கூடினாலோ, முழு சார்ஜிலேயே நெடுநேரம் நின்றாலோ மறுமுனையிலும் திரவம் சிதைகிறது. இந்தச் சிதைவில் வாயு பிறக்கிறது. கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், மீத்தேன், ஹைட்ரஜன் எல்லாம் அதில் உண்டு. பை காற்றுப்புகாமல் ஒட்டப்பட்டது. வாயு வெளியே போக வழியில்லை. பை உப்புகிறது.

பேட்டரி ஆய்வில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரி வெப்பத்தில், பாதிக்கும் குறைவான 40 சதவீத சார்ஜில், ஓராண்டு சும்மா வைத்த பேட்டரி தன் திறனில் ஏறக்குறைய 96 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அதையே முழு சார்ஜில் 40 டிகிரியில் வைத்தால் ஓராண்டில் மிஞ்சுவது 65 சதவீதம்தான். அந்த 40 டிகிரி ஐரோப்பாவில் ஆய்வகப் பெட்டிக்குள் உண்டாக்கப்படும் வெப்பம். காஞ்சிபுரத்தில் அக்னி நட்சத்திரம் அதைச் சும்மா கொடுக்கும்.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உப்பியது எல்லாம் வெடிக்கப்போகிறது என்று அர்த்தமில்லை. மாதக்கணக்கில் உப்பியபடியே கிடக்கும் பேட்டரிகள் ஏராளம். வாயு தானாகவே தீயாகிவிடாது. அழுத்தத்தால் உள்ளடுக்குகள் இடம் பெயர்வதும், நடுச்சவ்வு எங்காவது கிழிவதும்தான் ஆபத்து. இரண்டு முனைகளும் தொட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகி வெப்பம் எழும். சுமார் 130 டிகிரியில் சவ்வு உருகத் தொடங்கும். அதற்குப் பிறகு ஒரு வினை அடுத்த வினையைத் தூண்டும், யாராலும் நிறுத்த முடியாது. உப்பிய பேட்டரியைக் குத்துவதும், அமுக்கி மூடியைப் பூட்டுவதும், சூடு காட்டுவதும், மறுபடி சார்ஜ் போடுவதும் இந்தச் சங்கிலிக்குக் கதவைத் திறந்துவிடும் வேலைகள்.

பிஎல்-5சி வந்த தெரு

இந்த மாவட்டத்துக்கும் செல்போன் பேட்டரிக்கும் உள்ள உறவு பழையது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரில், 2006-ல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்துப் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். தறியில் உட்கார வேண்டிய தலைமுறை ஷிப்டுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. அந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ல் மூடப்பட்டது. இப்போது ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும் மற்றவையும் அதே நெடுஞ்சாலையில் ஆள் எடுக்கின்றன. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் ஒருவராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்.

2007 ஆகஸ்ட் 14-ல் நோக்கியா உலகம் முழுக்க ஓர் எச்சரிக்கை விட்டது. பிஎல்-5சி என்ற பேட்டரியில், ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. அப்போது உலகம் முழுக்கப் பதிவாகியிருந்தது ஏறக்குறைய நூறு சம்பவங்கள். பலத்த காயம் யாருக்கும் இல்லை. பல நிறுவனங்கள் தயாரித்த பிஎல்-5சி மொத்தம் 30 கோடிக்கும் மேல் என்பதால், தன் கையில் இருப்பது எந்த வகை என்று சாதாரண ஆளுக்குத் தெரியாது. பேட்டரியின் பின்னால் இருந்த 26 இலக்கக் குறியீட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் நோக்கியா சேவை மையங்களில் கூட்டம் நெரிந்தது.

இன்றைக்கு அதைத் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான் வருகிறது. பயம் வந்ததும் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியைக் கையில் எடுக்க முடிந்தது. மேசையில் வைத்துச் சுழற்றிப் பார்ப்பார்கள். தட்டையாக இருந்தால் உராய்ந்து நிற்கும், வயிறு உப்பியிருந்தால் பம்பரமாகச் சுற்றும். எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த பரிசோதனை அது. அதற்குப் பிறகு வந்த போன்கள் மெலிந்தன, பசை போட்டு ஒட்டப்பட்டன, பேட்டரி கண்ணுக்கு மறைந்தது. உப்பியிருப்பது தெரிய வேண்டுமானால் திரையே தூக்கிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. இந்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஓர் இணையதளம் திறந்தது. அதற்கு மேல் கட்டாயம் எதுவும் இன்னும் வரவில்லை.

விமானத்தில் எழுந்த புகை

2016 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேல் உள்ள பெட்டியிலிருந்து புகை வந்தது. பையில் இருந்தது சாம்சங் நோட் 2. அப்போதே நான்கு வயதான மாடல். விமானப் பணிப்பெண்கள் தீயணைப்பானை அடித்து, பிறகு போனைத் தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டுக் கழிவறையில் வைத்தார்கள். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

அந்த மாதம் முழுக்க உலகமே பேசிக்கொண்டிருந்தது வேறொரு போனைப் பற்றி. ஆகஸ்டில் வெளிவந்த புத்தம்புது நோட் 7 ஆங்காங்கே எரிந்ததால், செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்ப வாங்குவதாக சாம்சங் அறிவித்து, அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டது. புதுசில் தயாரிப்புக் கோளாறு வந்தால் நிறுவனம் பொறுப்பேற்கும், செய்தியாகும், திரும்ப வாங்கும். பழசில் வயதுக் கோளாறு வந்தால்? சென்னை விமானத்தில் புகைந்தது பழசு. அதற்கு யாரும் திரும்ப வாங்கும் அறிவிப்பு விடவில்லை.

விதிவிலக்காக ஒன்று நடந்தது. 2025 ஏப்ரலில் கூகுள், தன் பிக்சல் 7ஏ போன்களில் சிலவற்றின் பேட்டரி உப்பக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, இந்தியா உட்பட சில நாடுகளில் இலவசமாக மாற்றித் தந்தது. உப்பலை உப்பல் என்றே ஒரு பெரிய நிறுவனம் சொன்னது அபூர்வம். ஆனால் பிக்சல் போன் பிள்ளையார்பாளையத்தில் எத்தனை பேரிடம் இருக்கும்? இங்கே புழங்குவது எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய் போன்கள். அவற்றுக்கு இப்படி ஓர் அறிவிப்பு வந்து நான் பார்த்ததில்லை.

அரசு கொடுத்த மடிக்கணினி

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. அரசின் எல்காட் நிறுவனம் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்டவை. அந்தத் திட்டத்தால் முதன்முதலாகக் கணினியைத் தொட்ட குடும்பங்கள் நெசவாளர் தெருக்களில் நிறைய. ஜக்கார்டு டிசைனை கிராஃப் தாளில் போடாமல் கணினியில் போடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு.

தடித்த உடம்புள்ள பழைய மடிக்கணினிகளில் பேட்டரி தனியாகக் கழன்று வரும். உள்ளே இருப்பவை இரும்பு உருளைக்குள் அடைத்த செல்கள். அவை உப்புவதில்லை. உள்ளே அழுத்தம் கூடினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஏற்பாடும் வாயுவை வெளியேற்றும் திறப்பும் அவற்றில் உண்டு. மெலிந்த மாடல்கள் வந்தபின் தட்டையான பை செல்கள் வந்தன. உப்புவது இவைதான். மடிக்கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடும். டச்பேடு அழுத்தினால் ‘டக்’ என்ற சத்தம் வராது. விசைப்பலகையின் நடுப்பகுதி மேடேறும். மூடி சரியாக மூடாது. ‘பழசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிற அறிகுறிகள் எல்லாம் இவைதான்.

பீரோவில் ஐந்தாறு வருடம் தூங்கியவற்றுக்கு வேறொரு சிக்கல். சார்ஜ் முழுக்க வடிந்து, அடிமட்டத்துக்கும் கீழே போன செல்லில், செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளே பாலம் போட்டுவிடும். தங்கை படிப்புக்கு ஆகட்டும் என்று பழைய மடிக்கணினியைத் தேடி எடுத்து, இரவு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது அதனால்தான் கூடாது. கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதைக் கழற்றிவிட்டு, அடாப்டரில் நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். நிறைய மடிக்கணினிகள் அப்படி நன்றாகவே ஓடும்.

தறிக் கூடத்தில் ஏன் கூடுதல் கவலை

பட்டு சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அல்ல. அசல் பட்டா என்று பார்க்க நூலைக் கொளுத்திப் பார்க்கிற ஊர் இது. முடி கருகும் வாடையோடு மெல்லக் கருகி, தீயை எடுத்ததும் அணைந்துவிடும். ஆனால் தறியைச் சுற்றி இருப்பது பட்டு மட்டுமல்லவே. ஜக்கார்டு அட்டைகள், மரச்சட்டங்கள், நூல் கயிறுகள், பாய், தலையணை. பாவும் ஜரிகையும் பெரும்பாலும் நெய்கிறவருக்குச் சொந்தமில்லை, சங்கத்துக்கோ முதலாளிக்கோ சொந்தம். மூன்று புடவைக்கான பாவு கருகினால், இழப்பு கடனாக நெசவாளர் தலையில் நிற்கும்.

உயிர் அதைவிடப் பெரிது. 2022 மார்ச் கடைசியில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அது பெரிய பேட்டரி, செல்போனோடு ஒப்பிட முடியாது. ஆனால் தூங்கும் நேரம், மூடிய வீடு, வெளியேறும் வழியில் நெருப்பு, மூச்சை அடைக்கும் புகை என்ற சூழல் ஒன்றுதான். லித்தியம் பேட்டரிப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் கலந்திருக்கும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் நச்சு அது.

ஆகவே தறிக் கூடத்தில் போன் வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜ் போடுவதைத் திண்ணைப் பக்கமோ, சிமெண்ட் தரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுகிற பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம்.

கடை மேசையில்

‘அண்ணே, பின்மூடி நிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் ஒட்டிக் குடுங்க’ என்று போனை நீட்டுவார்கள். கடைக்காரர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்: ‘மூடி இல்லக்கா, பேட்டரி உப்பிடுச்சு.’ காஞ்சிபுரம் கடைவீதியில் தினசரி நடக்கும் உரையாடல் இது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள்தான் லித்தியம் பேட்டரியோடு அதிகம் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்தவர் யாருமில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றது.

அப்படிக் கற்றதில் ஒரு கெட்ட வித்தையும் உண்டு. உப்பிய பையில் ஊசியால் ஒரு துளை போட்டு, காற்றை இறக்கி, டேப் ஒட்டி மறுபடி மாட்டுவது. வெளியே வருவது காற்று அல்ல, தீப்பற்றும் வாயு. உள்ளே போவது ஈரக்காற்று. அந்த ஈரம் லித்தியம் உப்போடு சேர்ந்து அமிலமாகும். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் சவ்வைக் கிழித்து அங்கேயே தீ. இப்படிச் செய்து தருகிற கடையில் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

நல்ல கடைக்காரர் செய்வது வேறு. முதலில் போனை அணைப்பார். பசையை இளக்க ஹீட் கன்னைப் பேட்டரிமேல் நேராகக் காட்டமாட்டார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பசை ஓரத்தில் விட்டு, இரும்புக் கருவியைத் தொடாமல் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நகர்த்துவார். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. புது பேட்டரி போடும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். லித்தியம் செல்களுக்கும் பேட்டரிகளுக்கும் ஐஎஸ் 16046 என்ற தரப்படி பதிவு கட்டாயம். அச்சடித்த எண்ணும் போலியாக இருக்கலாம்தான். ஆனால் எண்ணே இல்லாததை வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

வீட்டில் கண்டுபிடித்தால் என்ன செய்வது? சார்ஜரைப் பிடுங்குங்கள், கருவியை அணையுங்கள். ‘ஒரே ஒருமுறை சார்ஜ் போட்டு போட்டோவையெல்லாம் எடுத்துக்கிறேன்’ என்ற ஆசைதான் பெரும்பாலானவர்களைக் கவிழ்ப்பது. புது பேட்டரி மாட்டியபின் போட்டோக்கள் அப்படியே இருக்கும். போனின் நினைவகம் பேட்டரிக்குள் இல்லை. ஒரு மண்சட்டியிலோ இரும்பு டப்பாவிலோ காய்ந்த மணல் போட்டு, அதில் கருவியை வைத்து, வெயில் படாத வெளியிடத்தில் வையுங்கள். டப்பாவை இறுக்கி மூட வேண்டாம், வாயு வெளியேற வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்ற பழைய யோசனையும் வேண்டாம், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வரும், திரவம் கசிந்து தண்ணீரே நஞ்சாகும். கழற்றிய பேட்டரி என்றால் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். கூரியரில் அனுப்பவும் கூடாது. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்ற அனுமதி இல்லை.

சிறிய கருவி புகையத் தொடங்கிவிட்டால் தண்ணீர்தான் மருந்து, நிறையத் தண்ணீர். சுவிட்சை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும். பவுடர் தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்காது. தணியாவிட்டால் மறுபடி பற்றும். புகையைச் சுவாசிக்காமல் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

மணல் சட்டிக்குப் பிறகு எங்கே?

இங்கேதான் ஊர் கைவிடுகிறது. மணல் சட்டியில் வைத்தாயிற்று, அப்புறம்?

அதே வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. பழசைக் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஈயத்துக்கு மதிப்பு உண்டு என்பது ஒரு காரணம். 2001-லேயே வந்த விதிகள் ஈய பேட்டரியைத் திரும்ப வாங்கும் கடமையை விற்பவர் தலையில் வைத்தது இன்னொரு காரணம். லித்தியத்துக்கு அந்த ஏற்பாடு 21 ஆண்டு கழித்துத்தான் வந்தது. 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், எல்லா வகை பேட்டரியையும் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. பேட்டரியைப் புதைப்பதையும் எரிப்பதையும் தடை செய்கின்றன. பழசைத் திரும்ப வாங்கும் திட்டமும் முன்பணம் வைத்துத் திருப்பித் தரும் திட்டமும் நடத்தலாம் என்றும் சொல்கின்றன. பொதுமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது.

கலக்காமல் எங்கே கொடுப்பது என்பதற்குத்தான் பதில் மங்கலாக இருக்கிறது. நிறுவனங்களின் அதிகாரபூர்வ சேவை மையங்களில் பழைய பேட்டரியை வாங்கிக்கொள்ளும்படி கேட்கலாம். நீங்கள் கேட்க வேண்டும், அவர்கள் தாமாகச் சொல்வது அரிது. 2016-ன் திடக்கழிவு விதிகளே பழைய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வகைப்படுத்தின. நடைமுறையில் அது காயலான் கடைக்குப் போகிறது, அல்லது மட்காத குப்பையோடு வண்டியில் ஏறுகிறது. குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கும் லித்தியம் பேட்டரி என்ன செய்யும் என்பதை உலகின் பல நகரங்கள் தீயணைப்பு வண்டி அனுப்பிக் கற்றுக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டியில் நிற்பவர் தூய்மைப் பணியாளர். அவர் கையுறைகூட இல்லாமல் நிற்பதும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சி ஆலைகள் இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருக்கின்றன. கோபால்ட்டும் லித்தியமும் 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் இருக்கின்றன. பழைய பேட்டரியிலிருந்தும் மின்கழிவிலிருந்தும் அவற்றை மீட்க 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பணம் டெல்லியில் இருக்கிறது, ஆலை பக்கத்து ஊரில் இருக்கிறது, பேட்டரி பிள்ளையார்பாளையத்துப் பீரோவில் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு பாதை போடத்தான் ஆளில்லை.

என் யோசனை ஒன்று. இந்த ஊரில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நெசவாளர்கள் பாவும் ஜரிகையும் வாங்கவும், நெய்த புடவையைக் கொடுக்கவும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். சங்க வளாகத்தில், பட்டு வைக்கும் கட்டடத்திலிருந்து தள்ளி, கூரை போட்ட திறந்தவெளியில் ஒரு மணல் பீப்பாய் வைக்கலாம். மாதம் ஒருமுறை மாநகராட்சியோ, ஆலையோ வந்து எடுத்துப் போகட்டும். சும்மா கொண்டுவந்து போடுங்கள் என்றால் யாரும் வரமாட்டார்கள், இந்த ஊர் அப்படி வளர்ந்ததில்லை. பேட்டரிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வேண்டும். பழுது பார்க்கும் கடைக்காரருக்கும் அதே தொகை வேண்டும், அவரிடம்தான் அதிகம் சேரும். அந்தத் தொகையை விதிப்படி பொறுப்புள்ள தயாரிப்பாளரிடமிருந்து வாங்க வேண்டியது அரசின் வேலை. சங்கத்தின் ஆட்சேபம் எனக்குப் புரிகிறது: ஏற்கெனவே நலிந்துகிடக்கும் சங்கத்துக்கு இது எதற்கு என்பார்கள். அதற்கான காப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இருக்கும்.

இதற்கிடையில், 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாட்டு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. அந்தப் பேட்டரிகளுக்கு 2030 வாக்கில் வயதாகிவிடும். அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்வது சட்டப்படி தயாரிப்பாளரின் பொறுப்பு. எந்த ஊரில், எந்த முகவரியில் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை ஒவ்வொரு கருவியின் அடியிலும் தமிழில் ஒட்டித் தர ஒரு ஸ்டிக்கரின் செலவுதான் ஆகும்.